ஊசியும் கிளினிக் கொப்பியும்

சென்ற கிழமை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சுன்னாகத்தில் இருந்து ஒரு பெண். எங்கள் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் மச்சாள். நான் நேரில் பார்த்ததில்லை. கல்யாணம் முடித்து நான்கு வருடம் என்றார். பாடசாலை, வெயில், மாமி வீடு என்று கொஞ்ச நேரம் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, கொக்குவிலில் குத்திய அந்த ஊசிதானே உங்களுக்குப் பிள்ளை தந்தது?"

அவர் கேட்டது அக்குபங்சரை, மருந்து ஏற்றாமல் உடம்பின் சில இடங்களில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியத்தை. அரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகு பார்த்தால், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை. இதே கேள்வியோடு இந்த யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். நானும் ஏழு வருடம் அப்படித்தான் இருந்தேன். அதனால் அவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2015இல் நடந்தது. இரண்டாவது வருடத்தில் இருந்து சாமத்தியவீடு, கல்யாணவீடு, நல்லூர்த் திருவிழா எங்கே போனாலும் "புதினம் ஒன்றும் இல்லையோ?" என்ற கேள்வி எனக்கு முன்னே போய் நின்றது. ஸ்கான் எடுத்தபோது சூலகங்களில் சிறு சிறு நீர்க்கட்டிகள் என்றார்கள். முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை தொடங்கியது. மாதத்தில் ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஸ்கான், பிறகு காத்திருப்பு, பிறகு மாதவிடாய். அடுத்த மாதம் மறுபடியும் முதலில் இருந்து.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று இருக்கிறது. என்னுடைய இரத்தம் எத்தனை தடவை எடுக்கப்பட்டது என்று எண்ணி வைத்திருந்தேன், பதினொரு தடவை. அவ்வளவுக்கும் பிறகுதான் என் கணவரின் பரிசோதனை நடந்தது. டொக்டர் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் ஒருவரும் அதை எடுத்துப் பேசவில்லை. மாமி பேசவில்லை, அம்மா பேசவில்லை, அவரிடம் நேரே சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் அவராகத்தான் ஒரு காலையில் போனார். ஒரு சிறு போத்தல், மறுநாள் ஒரு தாள். விந்தணுக்களின் எண்ணிக்கையும் குறைவு, அவற்றின் ஓட்டமும் குறைவு. அந்தத் தாள் முதலே கையில் இருந்திருந்தால் நான் மாத்திரை விழுங்கிய இரண்டு வருடம் எங்களுக்கு மிஞ்சியிருக்கும். அவர் அன்றிரவு கிணற்றுக்கட்டில் வெகுநேரம் இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பிள்ளையைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஊசிக்கு வருகிறேன். கொக்குவிலுக்குப் போவதற்கு முன்பு, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வேறொருவரிடம் போனேன். ஆள், இடம் வேண்டாம். "ஹோர்மோன் மருந்து உடம்பைப் பழுதாக்கும், அதை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும்" என்றார். மூன்று மாதத்தில் பிள்ளை என்று உறுதி சொன்னார். பெயர் எழுதாத ஒரு பொட்டலத்தில் சாம்பல் நிறத் தூளும் தந்தார். நான் நம்பினேன். ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தினேன், தூளையும் குடித்தேன். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. என் கிளினிக் கொப்பியைத் திருப்பி, நான் நிறுத்திய திகதியை எழுதி, "அம்மா, எதை எடுத்தாலும் இதற்குள் எழுதுங்கள். எனக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்" என்றார். கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே படிக்கும் ஊர் இது. நாட்டு வைத்தியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் படித்த சித்த வைத்தியர் தன் மருந்தின் பெயரைச் சொல்வார், எழுதியும் தருவார். பெயரில்லாத தூளை இனி என் வீட்டு வாசலுக்குள் விடமாட்டேன்.

கொக்குவில் ஐயா வேறு மாதிரியானவர். வயது எழுபதைத் தாண்டியவர். இளமையில் கொழும்பு களுபோவில வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் படிப்பித்த காலத்தில் அங்கே போய்ப் படித்தவர். இலங்கையில் இந்த ஊசி பரவியதற்குக் களுபோவில பெரிய காரணம். முதல் நாள் கட்டிலைக் காட்டுவதற்கு முன்பே ஐயா கேட்டது, "கொப்பி கொண்டு வந்தீர்களா, பிள்ளை?"

கொண்டு போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி எடுத்துக்கொண்டு வரச் செய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது எடுக்கிறேனா என்று கேட்டார். கணவரின் அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் பிள்ளை தருவேன் என்று சொல்லமாட்டேன். குறைந்த விந்தணுவை இந்த ஊசி கூட்டித் தரும் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் டொக்டர் சொல்வதில் ஒன்றையும் நிறுத்தாதீர்கள். நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னீர்களே, அதற்கு என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன்." ஒரு தடவைக்கு 1500 ரூபாய் வாங்கினார். வரமுடியாத கிழமைக்குக் காசு கேட்டதில்லை.

அந்த அறையை என்னால் கண்ணை மூடிக்கொண்டே வரைய முடியும். பழைய நாற்சார் வீட்டின் தெருப்பக்க அறை. மேலே பனஞ்சிலாகையும் ஓடும். இரண்டு ஓட்டுக்கு நடுவில் கண்ணாடி ஓடு ஒன்று. அதற்குள்ளால் விழும் வெளிச்சம் மூன்று மணிக்குச் சுவரில் இருக்கும்; நான் எழும்பும்போது கட்டில் காலுக்கு வந்துவிடும். ஊசிப் பொதியை என் கண் முன்னால்தான் பிரிப்பார், முடிந்ததும் என் கண் முன்னால்தான் கழிவுப் போத்தலுக்குள் போடுவார். ஊசி கால் மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு தடவைக்குத்தான் பாவிப்பது. அது ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலில் வைத்து, மேலே துருத்தும் ஊசித் தலையில் சுட்டுவிரலால் ஒரு தட்டு. தட்டியது தெரியும், குத்தியது தெரியாது. சில நொடி கழித்து உள்ளே ஒரு கனம் இறங்கும், ஈரச்சாக்கை யாரோ காலின் மேல் வைத்ததைப் போல. அது மெல்ல முழங்கால் வரைக்கும் ஏறும். சீனர் அதைத் 'தே சீ' என்பார்கள் என்றார் ஐயா.

உள் கணுக்காலில் இருந்து நான்கு விரல் அகலம் மேலே ஓர் இடம். ஐயா தன் விரலை வைத்து அளக்கமாட்டார். என் கையை எடுத்து என் காலில் வைத்து அளப்பார். ஒவ்வொருவரின் உடம்பையும் அவரவர் விரலால்தான் அளக்க வேண்டுமாம். வருடக்கணக்காகச் சென்ரிமீற்றரும் மில்லிமீற்றரும் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது பிடித்துப்போனது. "முளையம் வைத்த பிறகு இந்த இடத்தில் குத்தமாட்டேன்" என்றும் சொல்லி வைத்தார். முளையம் என்றால் ஆய்வுகூடத்தில் கருக்கட்ட வைத்துப் பிறகு கருப்பைக்குள் வைக்கும் இளங்கரு. கர்ப்பிணிகளுக்கு அந்த இடத்தை விலக்குவது ஊசி வைத்தியர்களின் பழைய வழக்கம்.

ஊசிகளோடு அசையாமல் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில் யாழ்தேவியோ வேறு ரயிலோ கொக்குவில் நிலையத்துக்கு வந்து போகும். கட்டில் கொஞ்சம் அதிரும். யாரும் கதவைத் தட்டுவதில்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் நாளே நான் அப்படியே நித்திரையாகிவிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு தூக்க மாத்திரை இல்லாமல் வந்த நித்திரை.

நான் தரம் 10 பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிப்பவள். நித்திரை வந்ததும் கணக்கும் வந்தது. இந்த ஊசி கருத்தரிக்க உதவுமா என்பதை யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்செல்லாம் பெரிதாகக் கிளம்பியது 2002இல் ஜெர்மனியில் போலஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வால்தான். 160 பெண்கள். முளையத்தைக் கருப்பைக்குள் வைக்கும் நாளில், அதற்கு முன்பும் பின்பும் 25 நிமிடம், 80 பேருக்கு ஊசி. மற்ற 80 பேருக்கு இல்லை. ஊசி குத்தியவர்களில் 34 பேருக்குக் கரு தங்கியது, மற்றவர்களில் 21 பேருக்கு. விளம்பரங்களில் இன்றும் ஓடித் திரிவது இந்த எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வில் ஊசி கிடைக்காதவர்களுக்குத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று தெரியும். கரு தங்கியதைத்தான் எண்ணினார்கள், பிள்ளை பிறந்ததை எண்ணவில்லை. எனக்கு வேண்டியது பிள்ளை.

பிறந்த பிள்ளையை எண்ணிய பெரிய ஆய்வு 2018இல் வந்தது. ஒஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 நிலையங்கள், 848 பெண்கள், கரோலைன் சிமித் என்பவரின் தலைமை. இங்கே இரு பக்கத்தாரும் கட்டிலில் படுத்தார்கள், இரு பக்கத்தாருக்கும் ஊசி வைக்கப்பட்டது. ஒரு பக்கத்துக்கு உண்மையான ஊசி. மறுபக்கத்துக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி, அதுவும் உரிய இடங்களுக்குத் தள்ளி. முடிவு: உண்மை ஊசியில் 405 பேரில் 74 பேருக்குப் பிள்ளை, போலி ஊசியில் 404 பேரில் 72 பேருக்குப் பிள்ளை.

74, 72. அந்த இரண்டு எண்களையும் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

என்னைப் போல நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சீனாவில் இருந்தே வந்தது, 2017இல். 1000 பெண்களை நான்கு பங்காகப் பிரித்தார்கள். குளோமிஃபீனோடு உண்மை ஊசி எடுத்தவர்களில் நூற்றுக்கு 29.4 பேருக்குப் பிள்ளை. குளோமிஃபீனோடு போலி ஊசி என்றால் 28.0. மாத்திரை இல்லாமல் உண்மை ஊசி 13.9, மாத்திரை இல்லாமல் போலி ஊசி 16.8. ஊசியால் வந்த வித்தியாசம் ஒன்றுமில்லை; மாத்திரையால் வந்த வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. என்னை மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் இந்த நான்கு எண்களையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். எத்தனை பெண்களுக்கு அதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதை எல்லாம் வாசித்த பிறகும் நான் கொக்குவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏன் என்று என் கணவரும் கேட்டார். அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி பிள்ளையைப் பற்றியது. நான் போனது நித்திரைக்கு. பிள்ளை வேண்டும் என்றால் ஊசிக்குப் போகாதே என்று கணக்குச் சொன்னது. இந்தச் சிகிச்சைக்குள் மனம் உடையாமல் நிற்க வேண்டும் என்றால் போகலாம் என்று என் உடம்பு சொன்னது. இரண்டையும் கேட்டேன்.

நிற்க வேண்டியும் இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது இக்சி முறை, ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேரே செலுத்துவது. 1992இல் பிரசெல்சில் இருந்து உலகுக்கு வந்த வழி. கடனும் நகையுமாகக் காசு சேர்த்து 2022 மார்ச்சில் தொடங்கினோம். அந்த மார்ச்சை இலங்கையில் யாரும் மறக்கமாட்டார்கள். சூலகத்தைத் தூண்டும் ஊசி மருந்தை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. என் கணவர் குருநகரில் மீனுக்கு விற்கும் ஐஸைச் சைக்கிளில் கொண்டு வருவார், பெற்றோலுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. அதை உடைத்துப் பிளாஸ்கில் இட்டு, மருந்துப் பெட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைப்போம். ஐஸில் நேரே பட்டால் மருந்து உறைந்துவிடும், உறைந்தால் பயனில்லை. இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் என் வயிற்றில் ஊசி போடுவார். அவருடைய கை நடுங்கும். முதல் மூன்று நாள் இருவரும் மூச்சுவிடாமல்தான் அதைச் செய்தோம்.

சூலகம் வீங்கியிருந்த அந்த நாட்களில் ஐயா என் வயிற்றுப் பக்கமே போகவில்லை. காலிலும் கையிலும் உச்சந்தலையிலும் மட்டும்தான்.

கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். 14 முட்டைகள் எடுத்தார்கள், ஐந்தாம் நாளில் 3 முளையங்கள். பாடசாலையில் உயிரியல் புத்தகத்தில் படித்த சொல். திரையில் அதைக் காட்டியபோது என் கணவர் கைகூப்பினார். ஒன்றை உள்ளே வைத்தார்கள். இரண்டை மறை 196 பாகையில், திரவ நைதரசனுக்குள் வைத்தார்கள். இரண்டு கிழமை கழித்து இரத்தப் பரிசோதனை. ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள் கொக்குவிலுக்குப் போனேன். ஐயா கொப்பியைத் திறந்து பார்த்தார், மூடி என் மடியில் வைத்தார். "இன்றைக்கு ஊசி வேண்டாம், பிள்ளை" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். அவருக்கும் பிள்ளைகள் இல்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இருபது தடவைக்கு மேல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் அவர் என்னிடம் எதையும் விசாரித்ததில்லை.

2023 பெப்ரவரியில் உறையவைத்த முளையங்களில் ஒன்றை வைத்தார்கள். அந்தத் தடவை ஐயா காய்ச்சலில் படுத்திருந்தார். அதற்கு முந்திய ஐந்து கிழமையும் நான் ஒரு ஊசியும் குத்தவில்லை. முதல் தடவை ஒழுங்காகக் குத்திக்கொண்டு போனேன், தங்கவில்லை. இரண்டாம் தடவை குத்தாமல் போனேன், தங்கியது. மகனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. மாமி நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு வைத்த நேர்த்தியால்தான் என்கிறார். குறிகட்டுவானில் படகேறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அதை நிறைவேற்றியும் வந்தோம். அம்மனின் முன்னால் நானும் அழுதேன். என் கணவர் கொழும்பு டொக்டர்மாரைச் சொல்கிறார். ஊர் கொக்குவில் ஊசியைச் சொல்கிறது, யாரும் அந்த ஐந்து கிழமையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி குத்தாததால்தான் தங்கியது என்று சொல்வதும் அதே பிழை. ஓர் உடம்பில் இரண்டு தடவை நடந்ததை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. என் வகுப்பில் நாணயத்தை இரண்டு தடவை சுண்டிவிட்டு விடை சொல்லும் பிள்ளையை நான் உட்கார வைத்துவிடுவேன்.

இதைத்தான் சுன்னாகத்துப் பெண்ணிடமும் சொன்னேன். ஊசி எனக்குப் பிள்ளை தரவில்லை. நித்திரை தந்தது, அரை மணி நேர அமைதி தந்தது, ஒன்றும் கேட்காத ஒரு வீட்டைத் தந்தது. அதற்காகப் போவதென்றால் நல்ல இடமாகப் பார்த்துப் போங்கள். பொதியை உங்கள் முன்னால் பிரிக்கிறாரா என்று பாருங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். சிகிச்சைக்குச் சேர்த்த காசில் கை வைக்காதீர்கள். டொக்டருக்குச் சொல்லாமல் போகாதீர்கள்.

அவர் ஐயாவின் வீடு எங்கே என்று கேட்டார். நிலையத்தில் இருந்து எந்த ஒழுங்கை என்று சொன்னேன். "கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய அறிக்கையையும் அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"யாருடைய அறிக்கை, அக்கா?"

"உங்கள் கணவருடையது."

தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கோ தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அது இன்னும் எடுக்கவில்லை."